அது மட்டும் இல்லாத ஷெட்

காபிக் கெட்டில் அடுப்பில் இருக்கும்போதே ஆர்டிஸ் அத்தை சமையலறை ஜன்னலைக் கையகலம் திறந்து காதை அங்கே வைத்துவிடுவாள். சாலைக்கு எதிர்ப்புறம் அவளுடைய தம்பியின் ஷெட். அங்கே ஒரு இன்ஜின் கிளம்பினால், எந்த வண்டி, எவ்வளவு காலமாக ஓடாமல் நின்றது, எந்த வேலையைத் தம்பி பாதியில் விட்டிருக்கிறான் என்பதெல்லாம் காபி கொதிப்பதற்குள் அவளுக்குத் தெரிந்துவிடும். "பத்துக் குதிரை. பாரு, மூச்சு வாங்குது. கார்பரேட்டரத் தொறந்து ஊதிட்டு மூடியிருக்கான். கழுவல." பனிக்காலத்திலும் அந்த ஜன்னல் மூடாது. ஹெர்ப் மாமா கோட்டும் தொப்பியும் போட்டுக்கொண்டு முட்டை சாப்பிடுவார்.

அந்தத் தம்பிதான் என் அப்பா, டெல்வின்.

அக்கா, தம்பி இருவருமே பழைய தோட்ட டிராக்டர் சேர்ப்பவர்கள். வயலில் ஓடுகிற பெரிய டிராக்டர் இல்லை. வீட்டுப் புல்லை வெட்டவும், காய்கறிப் பாத்தியை உழவும், வாசல் பனியைத் தள்ளவும் ஒரு காலத்தில் எங்கள் பக்கத்தில் வீட்டுக்கு வீடு நின்ற இடுப்புயர வண்டி. பெரிய ஆள் ஏறி உட்கார்ந்தால் முழங்கால் தாடைக்கு வரும். அதிலும் இருவருக்கும் ஒரே கம்பெனி மேல்தான் கண்: மெரிடியன். ஏரிக்கரையில் இருந்த அந்தத் தொழிற்சாலை நான் பிறப்பதற்கு வெகு காலம் முன்பே மூடிவிட்டது. அது செய்த வண்டிகளைத் தேடிக்கொண்டு விஸ்கான்சின் முழுக்க அலைகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். யாரோ ஒருவரின் கொட்டகையில், கோழிக்கூட்டுக்குப் பின்னால், தார்ப்பாய்க்கு அடியில் ஒன்று கிடக்கிறது என்று சேதி வந்தால், யார் முதலில் போய்ச் சேருவது என்று எங்கள் குடும்பத்தில் இரண்டு பிக்கப் வண்டிகள் பந்தயம் ஓடும்.

சேர்ப்பவர்கள் பொதுவாக வகைக்கு ஒன்று வைத்துக்கொள்வார்கள். என் அப்பாவின் ஷெட் அப்படித்தான். ஆறு குதிரைச் சக்தி, பத்துக் குதிரை, பின்னால் வந்த பெரிய மாடல்கள் எல்லாம் பள்ளிப் படத்தில் நிற்கும் பிள்ளைகளைப் போல உயர வரிசையில் நிற்கும். அத்தையின் ஷெட் வேறு மாதிரி. அங்கே நிற்பதெல்லாம் எட்டுக் குதிரை, எல்லாம் அறுபத்து நாலாம் வருடத்து வண்டி. ஒரே வண்டியை அவள் வாழ்நாள் முழுக்கத் திரும்பத் திரும்ப வாங்கிக்கொண்டிருக்கிறாள். பார்க்க வருகிறவர்கள், "எல்லாம் ஒண்ணு மாதிரியே இருக்கே?" என்று கேட்டுவிடுவார்கள். "ஒண்ணு மாதிரிதான் இருக்கு. ஆனா ஒண்ணுகூட அது இல்ல" என்பாள். வந்தவர் சிரிப்பார். அவள் சிரிக்கமாட்டாள்.

'அது' என் அப்பாவின் ஷெட்டில் இருக்கிறது.

என் தாத்தா அறுபத்து நாலில் புதிதாக வாங்கிய வண்டி. எங்கள் லூத்தரன் தேவாலயத்துக் கல்லறைத் தோட்டத்தில் புல் வெட்டும் வேலை தாத்தாவிடம் இருந்தது. தாத்தாவுக்குப் பால் மாடுகளை விட்டு வர நேரம் இல்லை. பதினோரு வயது ஆர்டிஸ் வெட்டினாள். கோடை முழுக்க, கல்லறைகளுக்கு நடுவே ஊசியில் நூல் கோப்பது போல வண்டியை நுழைத்து எடுப்பாள் என்று ஊரில் வயதானவர்கள் இப்போதும் சொல்கிறார்கள். அவள் கல்யாணம் ஆகிச் சாலைக்கு இந்தப் பக்கம் வரும் வரைக்கும் அந்த வேலை அவளுடையதாக இருந்தது. கல்யாணத்துக்கு அடுத்த மாதம், ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டு மேஜையில், தாத்தா சாவியை எடுத்து என் அப்பாவின் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார். ஆண்பிள்ளை, வீட்டில் இருக்கிறவன்.

"எல்லாரும் கை தட்டினாங்க. நானும்தான் தட்டினேன்" என்பாள் அத்தை. "இன்னிக்கும் கை எரியுது."

"நீங்க கேட்டிருக்கலாமே அத்தை?"

"கேட்டு வாங்குறதா? தானா வந்திருக்கணும்டி."

அத்தை பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவள். உயரம் குறைவு, தோள் அகலம். பேருந்தின் கண்ணாடியில் பின்சீட்டுப் பிள்ளைகளை முறைத்துப் பழகியதால், நேருக்கு நேர் பேசும்போதும் ஆளுக்குச் சற்று மேலே எங்கேயோ பார்த்துப் பேசுவாள். தோளில் பட்டை மாட்டி நெஞ்சுவரை ஏறும், ஆண்கள் போடும் கால்சட்டை. அதன் நெஞ்சுப் பையில் தீப்பொறி பிளக் ஒன்று எப்போதும் இருக்கும், மற்ற பெண்கள் கைக்குட்டை வைத்திருப்பது மாதிரி. தேவாலயத்துக்குப் போகும்போது மட்டும் நீலக் கவுன். வந்ததும் கவுனைக்கூட மாற்றாமல், மேலே ஒரு ஏப்ரனைக் கட்டிக்கொண்டு, ஷெட்டில் இருக்கிற ஒவ்வொரு வண்டியையும் கொஞ்ச நேரம் ஓடவிட்டு அணைப்பாள். "வாரம் பூரா சும்மா நின்னா மனுஷனுக்கே மூட்டு பிடிச்சுக்குது. அதுங்க என்ன பண்ணும்?"

அவள் கைக்கு வரும் வண்டி பெரும்பாலும் செத்த வண்டியாகத்தான் இருக்கும். பிஸ்டன் துருப்பிடித்து உள்ளே ஒட்டிப்போயிருக்கும். அப்பா என்றால் மரக்கட்டையை வைத்துச் சுத்தியலால் தட்டுவார். அத்தை எண்ணெயும் வேறு என்னவோவும் கலந்து பிளக் துவாரத்தில் ஊற்றிவிட்டு, அப்படியே விட்டுவிடுவாள். தினமும் அந்தப் பக்கம் போகும்போது இன்ஜினின் ஃப்ளைவீல் சக்கரத்தில் கையை வைத்து ஒரு சின்ன நெட்டு. அசையாது. "சரி, இன்னிக்கு இஷ்டமில்ல போல" என்று போய்விடுவாள். வசந்தத்தில் தொடங்கினால் அறுவடைக்குள் ஒரு நாள் அசையும். அசைந்த அன்று யாரிடமும் சொல்லமாட்டாள். ஜன்னலை முழுதாகத் திறந்துவைத்து, எதிர்ப்பக்கத்துக்குக் கேட்கும்படி இன்ஜினை மட்டும் ஓடவிடுவாள்.

கார்பரேட்டர்களை எலுமிச்சைச் சாற்றில் போட்டுக் கொதிக்கவைப்பது அவளுடைய வழக்கம். அழுக்கெல்லாம் கழன்று பித்தளை பளபளவென்று வந்துவிடும். அதற்கென்று ஒரு தனிப் பாத்திரம் உண்டு என்று அவள் சொல்கிறாள். மாமா அடுப்பில் எதன் மூடியைத் திறந்தாலும் முதலில் முகர்ந்து பார்க்கிறார்.

இவ்வளவு பாடுபட்டு உயிர் கொடுத்த வண்டிக்கு அவள் பெயிண்ட் மட்டும் அடிக்கமாட்டாள். எங்கள் ஆட்களிடம் இதற்கு ஒரு பேச்சு உண்டு. பழைய பெயிண்டோடு, கீறலும் வெயில் வெளுப்புமாக நிற்கிற வண்டி 'வேலை உடுப்பில்' இருக்கிறது என்பார்கள். உரித்துத் தேய்த்துப் புதுச்சிவப்பு அடித்தால் அது 'ஞாயிற்றுக்கிழமை உடுப்பு'. அப்பாவின் வண்டிகள் எல்லாம் ஞாயிற்றுக்கிழமை உடுப்பில் மினுங்கும், முகம் பார்த்துத் தலை வாரலாம். அத்தையின் வண்டிகள் எல்லாம் வேலை உடுப்பில். "கம்பெனி ஒரு தடவதான் அடிச்சுக் குடுத்துது. அது போச்சுன்னா போச்சு" என்பது அவளுடைய கட்சி. அப்பாவுக்கு வேறு விளக்கம் உண்டு. "நான் பெயிண்ட் அடிக்காம இருந்திருந்தா உங்க அத்தை அடிச்சிருப்பா. நான் இடது பக்கம் போனா அவ வலது பக்கம். பொறந்ததுலேந்து அப்படித்தான்." இரண்டு பேரும் சொல்வது நிஜமாக இருக்கலாம் என்று நினைக்கிறேன். ஒரு கொள்கை பொறாமையில் பிறந்ததாலேயே தப்பான கொள்கை ஆகிவிடுமா என்ன?

ஆகஸ்ட் மாதம் எங்கள் வட்டத்துச் சந்தை மைதானத்தில் பழைய இயந்திரங்களின் கண்காட்சி நடக்கும். அத்தையின் பொறாமை முழு அழகோடு வெளிப்படுவது அங்கேதான். தன் வண்டிகளுக்குப் பக்கத்தில் மடக்கு நாற்காலி போட்டு மாமாவை உட்காரவைத்துவிட்டு, அவள் அப்பாவின் வரிசைக்குப் போவாள். கூட்டத்தோடு கூட்டமாக, யாரோ வழிப்போக்கன் போல நிற்பாள். முன்னால் நிற்பவர், "ஆகா, என்ன ஒரு வேலை!" என்றால், அவருடைய தோளுக்குப் பின்னாலிருந்து மெல்லிய குரல் வரும்: "ஆமா, தூரத்துலேந்து பாத்தா நல்லாத்தான் இருக்கு." இன்னொருவர் இருக்கையின் தையலைப் புகழ்வார். "ஆமா ஆமா, நாய்க் கட்டிலுக்குப் போடற துணி அது. உழைக்கும்." அப்பா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, துணியால் விளக்கைத் துடைத்தபடி, "அக்கா, சீஸ் வறுவல் சாப்பிடறியா?" என்பார். அவள் சாப்பிடுவாள். தம்பி வாங்கிக் கொடுத்ததைக் குறை சொல்லிக்கொண்டே கடைசித் துண்டு வரைக்கும் சாப்பிடுவாள்.

கண்காட்சிக்கு வருடா வருடம் ஒரு பேட்ஜ் அடிப்பார்கள். உறுப்பினர் ஒருவரின் வண்டிப் படம் அதில் இருக்கும். எல்லோரும் அதைத் தொப்பியில் வருடவாரியாகக் குத்திக்கொள்வார்கள். அத்தையின் தொப்பியில் இரண்டு இடங்களில் வரிசை விட்டிருக்கும். அந்த இரண்டு வருடமும் பேட்ஜில் இருந்தது அப்பாவின் அறுபத்து நாலு மெரிடியன். 'டெல்வின் ஹாகனின் எட்டு' என்று அடியில் பெயர். "ஏன் அத்தை, பேட்ஜ் தொலஞ்சு போச்சா?" என்று நான் சின்ன வயதில் கேட்டேன். "எங்கிட்டேந்து என்னென்னமோ தொலஞ்சு போச்சு" என்றாள்.

போன வருடம் நான் பட்டம் வாங்கினேன். எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். அதனால் விருந்து சற்றுப் பெரிதாகவே நடந்தது. கராஜைக் கழுவிவிட்டு, மேஜைகள் போட்டு, பன்றித் தொடைக்கறி சாண்ட்விச், உருளைக்கிழங்கு சாலட், ஊரே வந்தது. அத்தைதான் கேக் வெட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். அப்போது ஷெட்டிலிருந்து அப்பா அந்த மெரிடியனை ஓட்டிக்கொண்டு வந்தார். பனிக்காலம் முழுக்க அதை மறுபடி உரித்து, யாருக்கும் காட்டாமல் வேலை செய்திருக்கிறார். புதுப் பெயிண்ட், புது டயர், பானெட்டில் ஒரு வெள்ளை ரிப்பன். இறங்கி வந்து சாவியை என் உள்ளங்கையில் வைத்தார்.

"இந்தத் தடவ பொண்ணுக்கு" என்றார்.

எல்லோரும் கை தட்டினார்கள். அத்தையின் கையில் கத்தி இருந்தது, அதனால் அவள் தட்டவில்லை. "படிச்சு முடிச்சதுக்குப் புல்லு வெட்டற வண்டியா! பொருத்தமான பரிசுதான்" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். பிறகு கத்தியை வைத்துவிட்டு வண்டியிடம் வந்தாள். முன்பக்கம் குனிந்து, பானெட்டின் இடது மூலையில் கட்டைவிரலை வைத்துத் தடவினாள். திரும்பத் தடவினாள். சுவரில் சுவிட்சைத் தேடுகிறவள் மாதிரி இருந்தது.

"எங்க போச்சு?" என்றாள்.

"எது அக்கா?"

"ஒண்ணுமில்ல."

"அந்த நெளிசலா? பட்டி போட்டு இழைச்சுட்டேன். உப்புத்தாள் போட்டே எனக்குக் கைரேகை போச்சு. இப்ப சொல்லு பாப்போம், எங்க இருந்துதுன்னு?" அப்பா பெருமையோடு கேட்டார்.

அத்தை கேக்குக்குத் திரும்பிப் போய்விட்டாள். அதன் பிறகு அவள் வெட்டிய துண்டுகள் எல்லாம் கோணலாக வந்தன.

அந்த நெளிசலைப் பற்றி எனக்கு மாமாதான் சொன்னார். பதினோரு வயதில், வண்டி வீட்டுக்கு வந்த முதல் மாதத்திலேயே, அத்தை ஒரு கல்லறைக் கல்லின் மூலையில் இடித்துவிட்டாள். தாத்தா திட்டவில்லை. "இனிமே எல்லாருக்கும் தெரியும், இது உன் வண்டின்னு" என்று சொல்லிச் சிரித்தாராம். ஒரு வேடிக்கைக்குச் சொன்னது. அத்தை அதைப் பத்திரம் மாதிரி வைத்துக்கொண்டுவிட்டாள். என் அப்பாவுக்கு அது தெரியாது. தெரிந்திருந்தால் பட்டி போட்டிருப்பாரா? அதைக் கேட்டுப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

அதன்பின் வெகு நாட்கள் அத்தை என்னிடம் பேசவில்லை. தம்பியோடு வழக்கம் போலத்தான் இருந்தாள். தேவாலயத்தில் என்னைப் பார்த்தால் மட்டும் பாட்டுப் புத்தகத்தில் ஏதோ அச்சுப்பிழை கண்டவள் போலக் குனிந்துகொள்வாள். பொறாமை இடம் மாறிவிட்டது என்று புரிந்தது. அவ்வளவு பெரிய பொருளை வைக்க வேறு இடமில்லாமல் அவள் அதை என்மேல் வைத்துவிட்டாள்.

நான் மாடிசன் நகரத்தில், ஒரு காப்பீட்டு நிறுவனத்தில் தொலைபேசியில் பதில் சொல்லும் வேலையில் இருக்கிறேன். மூன்றாவது மாடியில் ஒற்றை அறை வீடு. இந்த வருடம் ஜூன் மாதம் ஒரு சனிக்கிழமை கதவு தட்டப்பட்டது. அத்தை மூச்சிரைக்க நின்றாள், கையில் ஒரு தட்டு, அதில் புளிப்பு ருபார்ப் தண்டு வைத்துச் சுட்ட பலகாரம். உள்ளே வந்தவள் உட்காரவில்லை. ஜன்னலில் எட்டிப் பார்த்தாள், குளியலறையைத் திறந்து பார்த்தாள்.

"எங்கடி நிறுத்துவ? குளியல் தொட்டியிலயா?"

"அது அப்பா ஷெட்லயே இருக்கட்டும் அத்தை."

"உங்கப்பன் ஷெட்ல இருந்தா அது உங்கப்பன் வண்டி. உனக்கு என்ன வேல அதுல? புல்லு இருக்கா இங்க? ஒரு தொட்டிச் செடிகூட இல்ல." மேஜையில் இருந்த என் லேப்டாப்பை நகர்த்திவிட்டுப் பலகாரத் தட்டை வைத்தாள். கண்ணை என் தலைக்கு மேல் எங்கேயோ நிறுத்திக்கொண்டு, மனப்பாடம் செய்துவந்ததை ஒப்பித்தாள். "எங்கிட்ட இருக்கறதுல எது வேணாலும் எடுத்துக்க. ரெண்டா எடுத்துக்க. உங்கப்பனப் போல பெயிண்ட் வேணும்னாலும் அடிச்சுத் தரேன். அதக் குடுத்துடு."

அவள் வாழ்க்கையிலேயே முதல் முறையாகக் கேட்டாள் என்பது எனக்குத் தெரியும். பெயிண்ட் அடித்துத் தருகிறேன் என்று அவள் சொன்னதன் கனமும் தெரியும். எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்ல வாயைத் திறந்தேன்.

"அப்பா எனக்குக் குடுத்தது அத்தை" என்றுதான் வந்தது.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்றுவரை யோசிக்கிறேன். அந்த வண்டியை நான் ஓட்டியது ஒருசில முறைதான். எனக்கு அதன் வாசனைகூடப் பிடிக்காது. அவள் கேட்கும்வரை அது அப்பாவின் அன்பாக மட்டும் இருந்தது. கேட்ட நொடியில் என் சொத்தாகிவிட்டது. இன்னொன்றும் உண்டு. ஒரு தகரத்தில் இருந்த நெளிசலுக்காக ஒருத்தி இத்தனை வருடம் தவிக்க முடியும் என்றால், என்னிடம் அப்படி என்ன இருக்கிறது? என் பட்டச் சான்றிதழை நாளைக்கு யாராவது எடுத்துப் போனால் நான் நகல் கேட்டு விண்ணப்பிப்பேன். அவ்வளவுதான். அத்தையின் அந்த ஆசையைப் பார்த்து எனக்குப் பொறாமையாக இருந்தது. அவள் ஆசைப்பட்ட பொருளை வைத்துக்கொண்டால் ஆசையும் கூடவே வந்துவிடும் என்று நினைத்தேனோ என்னவோ.

அத்தை கோபப்படவில்லை. வாசல் வரைக்கும் போனவள் திரும்பினாள். "ஸ்லோ ரேஸ்ல நீதான அத ஓட்டப் போற? உங்கப்பன் ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரியறான்."

"ஆமா."

"நானும் ஓட்டறேன். நான் ஜெயிச்சா அது எனக்கு. நீ ஜெயிச்சா இனிமே அந்தப் பேச்சே எடுக்கமாட்டேன். உங்கப்பனுக்குத் தெரிய வேணாம். சரியா மருமவளே?"

"சரி" என்றேன். இம்முறை வாய் உடனே சொல்லிவிட்டது.

"பலகாரத்தத் தின்னுட்டுத் தட்டக் கழுவிக் குடு. என் தட்டு அது" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனாள்.

ஆகஸ்ட் கண்காட்சியில் நடக்கும் ஸ்லோ ரேஸ், ஸ்லோ சைக்கிள் போட்டி மாதிரிதான். கடைசியாக வருகிறவர் ஜெயித்தவர். சுண்ணாம்புக் கோடு போட்ட தடத்தில் இரண்டு இரண்டு வண்டிகளாக விடுவார்கள். இன்ஜின் அணையக்கூடாது, சக்கரம் நிற்கக்கூடாது. கால்கள் இரண்டும் கால்பலகை மேல் தெரியும்படி இருக்க வேண்டும். பெடலில் கால் பட்டால் ஆட்டம் முடிந்தது. அதனால் போட்டி முழுக்க, இன்ஜின் மிகக் குறைந்த வேகத்தில் ஓடும் ஐடிலிங்கில்தான் இருக்கிறது. இன்ஜினைச் சாகாமல், ஆனால் சாவுக்கு எவ்வளவு பக்கத்தில் கொண்டுபோய் வைக்க முடியுமோ அவ்வளவு பக்கத்தில் வைத்திருப்பவருக்கு வெற்றி. அப்பா இதில் பல வருடமாக ஜெயிப்பவர். இந்த வருடம் அவர் ஓட்டவில்லை. எனக்காகக் கார்பரேட்டரின் திருகை மயிரிழை மயிரிழையாகத் திருப்பி வைத்துவிட்டு, "நீ ஒண்ணும் பண்ண வேணாம். கையக் கட்டிட்டு உக்காரு. அதுவே போகும்" என்றார்.

அதுவே போயிற்று. முதல் சுற்றிலும் இரண்டாவது சுற்றிலும் எதிராளிகள் என்னை முந்திக்கொண்டு போய்த் தோற்றார்கள். அடுத்த தடத்தில் அத்தையும் அப்படியே. கடைசிச் சுற்றுக்கு நாங்கள் இருவர்தான் மிச்சம். கொடி பிடித்துப் போட்டியை நடத்திய குபிஷ் என்பவர், ஒலிபெருக்கியில், "அத்தைக்கும் மருமகளுக்கும் போட்டி! ரெண்டு பேரும் வீட்டுக்குப் போக மனசில்லாதவங்க!" என்று கத்தினார். அத்தையின் வண்டி வேலை உடுப்பில், வெளுத்த சிவப்பில் நின்றது. என்னுடையது வெயிலில் கண் கூசியது. இரண்டுக்கும் நடுவே கை நீட்டினால் தொடுகிற தூரம்.

கொடி இறங்கியது. இவ்வளவு மெதுவாகப் போகிற பந்தயத்தில் ஒரு சங்கடம், பக்கத்தில் இருப்பவரோடு பேச நேரம் நிறைய இருக்கிறது.

"என்னடி, இவ்ளோ வேகம்? பஸ்ஸப் பிடிக்கணுமா?"

"நீங்கதான் அத்தை முன்னால போறீங்க."

"நான் போகல. உன் கண்ணு போகுது." கைகளை மார்பில் கட்டிக்கொண்டு நேராகப் பார்த்தபடி சொன்னாள். "அங்க பாரு, ஒரு நத்தை ஆரன் அடிக்குது. வழி விடு."

கூட்டத்தில் சிரிப்பு. ஹெர்ப் மாமா, "ஆர்டிஸ், ராத்திரிச் சாப்பாட்டுக்குள்ள வந்துடுவியா?" என்று கேட்டார். அப்பா வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு என் வண்டியின் புகைக்குழலையே பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு இன்ஜின்களும் மாறி மாறி ஒற்றைத் தட்டாகத் தட்டின. டுப். டுப். ஒவ்வொரு தட்டுக்கும் நடுவில், அடுத்தது வருமா என்று ஒரு கேள்வி இருந்தது.

பாதித் தடம் தாண்டியிருப்போம். அவளுடைய முன்சக்கரம் என்னுடையதைவிட ஒரு விரற்கடை பின்னால் இருந்தது. அவள்தான் ஜெயித்துக்கொண்டிருந்தாள். அதை அவளும் பார்த்துவிட்டாள். பேச்சை நிறுத்திவிட்டாள். உதட்டின் ஓரம் மட்டும் துடித்தது. இத்தனை வருடமாக அவள் அந்த விரற்கடைக்காகத்தான் காத்திருந்தாள் என்று தோன்றியது. அந்தச் சமயத்தில், எனக்கு வெட்கமாக இருந்தாலும் சொல்லிவிடுகிறேன், அவளுடைய இன்ஜின் நின்றுபோக வேண்டும் என்று நான் வேண்டிக்கொண்டேன்.

நின்றுபோகப் பார்த்தது என்னுடையது. தடத்தில் மண் சற்று மேடேறும் இடத்தில் என் வண்டி இருமியது. ஒரு தட்டு வரவில்லை. அடுத்தது பலவீனமாக வந்தது. பானெட் முழுக்க ஒரு நடுக்கம் ஓடியது. மறுபடி ஒரு தட்டு தவறியது. என் கை வேக நெம்புகோலுக்குப் போனது. அதை ஏற்றினால் வண்டி பாய்ந்துவிடும், ஏற்றாவிட்டால் செத்துவிடும். என்ன செய்வது என்று தெரியாமல் கை நடுவழியில் நின்றது. வேலியில் அப்பா கண்ணை மூடிக்கொண்டதைப் பார்த்தேன். இன்னும் ஒரு தட்டு தவறினால் எல்லாம் முடிந்தது. வண்டி அத்தைக்கு.

"அதத் தொடாதடி!"

அத்தை தன் இருக்கையிலிருந்து பக்கவாட்டில் சாய்ந்து, முழுக்கை நீட்டி, என் வண்டியின் சோக் குமிழைப் பிடித்தாள். பாதிகூட இழுக்கவில்லை, நகக்கண் அளவு. "சூடானாலும் இதுக்குக் கொஞ்சம் வேணும். எப்பவும் வேணும்" என்று, என்னிடம் இல்லாமல் வேறு யாரிடமோ சொல்வது போல முணுமுணுத்தாள். இன்ஜின் ஒரு முறை பெருமூச்சு விட்டது. தட்டியது. மறுபடி தட்டியது.

அவ்வளவு தூரம் சாய்ந்தவள் விழாமல் இருக்க எங்கேயாவது ஊன்ற வேண்டுமே. அவளுடைய கால் கிளட்ச் பெடலின் மேல் இருந்தது. அவளுடைய சக்கரம் நின்றுவிட்டிருந்தது. குபிஷின் சிவப்புக் கொடி அவள் தடத்தின் மேல் உயர்ந்தது. கூட்டம் "அடடா" என்று ஒரே குரலில் இழுத்தது.

அவளுக்கு அது கேட்டதாகத் தெரியவில்லை. என் வண்டி நகர நகர அவளுடைய கையும் நீண்டுகொண்டே வந்தது. விரல்கள் குமிழிலேயே இருந்தன. தட்டுகளுக்கு நடுவில் இருந்த இடைவெளி ஒரே அளவாக வரும்வரை, தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு நிமிர்ந்தாள். கொடியைப் பார்த்தாள், தன் காலைப் பார்த்தாள். கையைச் சட்டென்று இழுத்து, அயலார் வீட்டுப் பொருளைத் தொட்டுவிட்டவள் போல, கால்சட்டையில் அழுத்தி அழுத்தித் துடைத்துக்கொண்டாள்.